கல்வெட்டு விழுக்காடும் விமான மைலும்

பயணம் செய்பவனுக்கு அப்பயணமே ஒரு பரிசைத் தேடித் தரும் என்னும் ஏற்பாடு மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று பலரும் கருதுகின்றனர். ஒருவர் ஒரே விமானக் கம்பெனியில் மீண்டும் மீண்டும் பறந்தால் அவர் கணக்கில் ‘மைல்’ சேர்கிறது. சேர்ந்த மைலைக் கொடுத்துப் பின்னொரு நாள் பயணச்சீட்டைக் குறைந்த செலவில் பெறுகிறார். இம்முறை 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேரூன்றியது என்பது உண்மையே. ஆயினும், பொருளை ஓரிடத்தில் இட்டு, அதற்கு ஈடாக ஒரு பங்கினைப் பெறும் உரிமையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம், நாம் வாழும் இத்திருப்பதிச் சீமையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீராக நடந்து வந்தது. அவ்வரலாற்றையும் இன்றைய மைலின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புதிதாக மைல் சேர்க்கத் தொடங்கும் குடும்பத்திற்கு வேண்டிய அறிவு அவற்றிலேயே அடங்கியிருக்கக் காணலாம்.

இதனை இம்மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நம்மில், பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து வாழாத வீடு இன்று அரிது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும், பேரப்பிள்ளை பிறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது. பாட்டியும் தாத்தாவும் ஒருமுறை போய் வரவேண்டுமென்றால் ஓராண்டுச் சேமிப்பு கரைந்துபோகிறது. அந்நேரத்தில், “இந்தக் கார்டை வாங்குங்கள், இலவசமாகப் பறக்கலாம்” என்று ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார். அவர் கூறுவதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்ந்து அறிவது நம் கடமையாகும்.

மலை மேல் எழுதிய பங்கு

திருமலைக் கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது நமக்கு உவகை தரும் செய்தி. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்து, அதன் வழிபாட்டிற்கு நிலமும் அணிகலன்களும் அளித்தார். விசயநகரப் பேரரசின் காலத்தில் இத்தகைய கொடைகள் பன்மடங்கு பெருகின. கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து வழிபட்டார் என்பதைக் கல்வெட்டுகளாலேயே அறிகிறோம். அடிக்கடி பயணம் செய்தவர் என்று ஒருவரைக் கூற வேண்டுமானால், இம்மண்ணில் அவரையே முதலில் கூறலாம்.

நாம் இங்குக் கருதுவது மன்னர் கொடையை மட்டுமன்று. வணிகர், ஆசாரியர், அரசு அலுவலர், கோயிற் பணியாளர் எனப் பலரும் ஸ்ரீபண்டாரத்தில் பணம் கட்டினர். அப்பணத்தைத் தானத்தார் எனப்பட்ட கோயில் நிருவாகத்தார் வாளா பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியைச் செப்பனிடவும் கால்வாய் வெட்டவும் அதனைச் செலவிட்டனர். நீர் பெருகியது, விளைச்சல் மிகுந்தது, மிகுந்த விளைச்சலைக் கொண்டு, பணம் கட்டியவர் பெயரால் நாள்தோறும் அல்லது குறித்த திருநாட்களில் அமுதுபடி நடந்தது. அவ்வாறு படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. அப்பங்கிற்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் ‘விட்டவன் விழுக்காடு’ என்பது. பொருளை விட்டவனுக்கு விழும் பங்கு என்பது அதன் பொருள். இன்று நூற்றில் இத்தனை என்று சொல்ல நாம் வழங்கும் ‘விழுக்காடு’ என்னும் சொல் அன்று மலைமேல் இப்படி வழங்கியது.

அவ்விழுக்காட்டைக் கொடையாளர் தாமே பெறலாம். வழிவழியாகத் தம் மரபினருக்கு வைக்கலாம். பிறருக்கு மாற்றியும் கொடுக்கலாம். பலர் அதனை இராமாநுச கூடங்களுக்கு எழுதி வைத்தனர். இக்கூடங்கள் மலையேறி வரும் அடியார்களுக்கு உணவளித்த சத்திரங்களாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மர் நிறுவிய இராமாநுச கூடங்களைக் கந்தாடை இராமாநுச ஐயங்கார் என்பார் பொறுப்பேற்று நடத்தினார். எங்கோ இருந்த ஒருவர் கட்டிய பணம் ஏரியாய், நெல்லாய், பிரசாதமாய் மாறி, முன்பின் அறியாத வழிப்போக்கனின் பசியைத் தீர்த்தது. பயணத்திற்கு உதவும் பரிசுத் திட்டம் என்று இதனைக் கூறினால் தவறாகாது.

இவ்வேற்பாட்டின் உயிர்நாடி யாதெனில், சொன்ன சொல்லைக் கல்லில் வெட்டியதே. எவ்வளவு பணம், எந்த நாளில் என்ன அமுது, யாருக்கு எத்தனை பங்கு என்பன யாவும் எழுதப்பெற்று, சூரிய சந்திரர் உள்ளவரை இது நடக்கக் கடவது என்று முடிவு பெறும். இக்கல்வெட்டுகளைத் தேவஸ்தானத்தார் 1930-களில் பல தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டனர். ஆட்சிகள் மாறின, நிருவாகம் கை மாறியது. எனினும், வாக்களித்தது யாது என்பதை இன்றும் எவரும் படித்துச் சரிபார்க்கலாம். இந்த ஒன்றை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மஞ்சள் துணி முடிச்சு

கல்வெட்டுக் கொடை செல்வர்க்கு உரியது. ஏழை எளியோர்க்கு உரியது மஞ்சள் துணி முடிச்சு. தெலுங்கர் இதனை ‘முடுப்பு’ என்பர். நோய் தீரவேண்டும், பெண்ணுக்கு மணம் கூடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் தோய்ந்த துணியில் காசை முடிந்து வைப்பது இரு மொழியார்க்கும் பொதுவான வழக்கம். பின்னர் உண்டியலிலும் சில்லறை சேரும். எவ்வளவு முடை வந்தாலும் அதனைத் தொடமாட்டார்கள்; ஏனெனில் அது எங்குப் போகவேண்டிய பணம் என்பது முடியும்போதே முடிவாகிவிட்டது. போகும் இடத்தை முதலில் உறுதி செய்து, பின்னர் அதற்கென்று சேர்ப்பது என்னும் இந்த ஒழுங்கு மிக உயர்ந்தது.

அக்காலத்தில் வழிச்செலவு சிறிது. உடல் வருத்தமே பெரிது. 1891-ஆம் ஆண்டில் தென்னிந்திய ரெயில்வேயின் குறுகிய பாதை காட்பாடி, பாகாலை வழியாகத் திருப்பதியை அடைந்தது. அதன் பின்பும் மலையடிவாரம் வரைதான் வண்டி. அலிப்பிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகளை நடந்து கடக்க வேண்டும்; இயலாதார் டோலியில் சென்றனர். 1944-ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட பின்னரே மோட்டார் வண்டி மேலே ஏறியது. இன்றும் படியேறிச் செல்வோர் பல்லாயிரவர். நடந்து வருவோர்க்குத் தனித் தரிசனச் சீட்டு வழங்கும் முறையையும் தேவஸ்தானத்தார் நடத்தி வந்துள்ளனர். பட்ட பாட்டிற்கு ஒரு சலுகை என்னும் கொள்கை அதிலும் உண்டு.

அரசாங்கமும் இக்கொள்கையை ஒருவாறு ஏற்றது. மத்திய அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை 1956-ஆம் ஆண்டில் வந்தது. சொந்த ஊருக்கு ஈராண்டிற்கு ஒருமுறை போய்வரும் செலவை அரசே ஏற்றது. ரெயில்வேயிலும் தபால் இலாகாவிலும் பணியாற்றி இவ்வூர்களில் குடியேறிய தமிழர் பலர், தஞ்சைக்கும் நெல்லைக்கும் குடும்பத்தோடு போய்வர இத்தகைய சலுகைகளே துணை நின்றன.

மைல் பிறந்த கதை

நிற்க. இனி மேனாட்டுக் கதையைக் காண்போம். 1896-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் ஒரு கம்பெனியைத் தொடங்கினர். கடையில் பொருள் வாங்குவோர்க்குப் பச்சை நிற வில்லைகள் தரப்படும். அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்தால், பாத்திரமோ நாற்காலியோ பரிசாகக் கிடைக்கும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருப்பதே இதன் நோக்கம். விமான மைலுக்கு இவ்வில்லையே பாட்டனார் எனலாம்.

1978-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தையும் தடத்தையும் அரசே வரையறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அக்கட்டுப்பாடு நீங்கத் தொடங்கியது. கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்து ஒன்றோடொன்று போட்டியிட்டன. பயணிகளோ எவன் குறைத்தானோ அவனிடம் ஓடினர். அவர்களைக் கட்டிப்போடும் கயிறு ஒன்று வேண்டியிருந்தது. 1981 மே முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை அறிவித்தது. சில நாட்களிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸும் பின்தொடர்ந்தது. காலியாகப் போகும் இருக்கையைப் பரிசாகத் தருவதால் கம்பெனிக்குச் செலவு சிறிது. பெறுபவனுக்கோ மகிழ்ச்சி பெரிது. கணக்குப் பார்த்தால் இருவர்க்கும் ஆதாயம்.

1987-ஆம் ஆண்டில் பெரிய மாறுதல் நேர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டி வங்கியும் சேர்ந்து ஒரு கடன் அட்டையை வெளியிட்டன. அன்று முதல் மளிகை வாங்கினாலும் மைல் சேரத் தொடங்கியது. வங்கி மைலை விமானக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கி, நமக்குத் தருகிறது. அவ்வகையில் மைல் ஒரு விற்பனைச் சரக்காயிற்று. 1999-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், ஓர் உணவுக் கம்பெனியின் விளம்பரத்தைக் கூர்ந்து படித்து, மலிவான புட்டிங் கிண்ணங்கள் 12,150 வாங்கினார். சுமார் 3,000 டாலர் செலவில் அவருக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 12½ இலட்சம் மைல். கிண்ணங்களை அறநிலையத்திற்குக் கொடுத்துவிட்டார். சீட்டுகளைக் கிழித்தெடுக்க அந்நிலையத்தார் உதவினர். விதியை வரிவரியாகப் படிப்பவனே வெல்வான் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில்

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே. ஆர். டி. டாட்டா அஞ்சல் விமானம் ஓட்டினார். அவ்வஞ்சல் பல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. 1953-ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்து அரசுடைமையாயிற்று. போட்டி இல்லாதபோது மைலுக்கு வேலை இல்லை. 1990-களில் தனியார் கம்பெனிகள் வானேறிய பின்னரே இத்திட்டங்கள் நம் நாட்டில் பரவின. அரசின் ஏர் இந்தியாவும் ‘ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்’ என்னும் திட்டத்தை நடத்தியது. அக்கம்பெனி 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் என்னும் உலகக் கூட்டணியிற் சேர்ந்தது. அதனால் இங்குச் சேர்ந்த மைலைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற பிற கம்பெனிகளிலும் செலவிட வழி பிறந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது.

ஆனால் இருண்ட பக்கமும் உண்டு. கிங்ஃபிஷர் கம்பெனி 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் மைலை நம்பியிருந்தோர் கையில் வெறும் எண்ணே மிஞ்சியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தமையால் பிழைத்து, அவ்வாண்டிலேயே ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயர் மாறியது. எனினும் சேர்த்தவர் எண்ணியிருந்த விமானம் இல்லை. கம்பெனி நிலைத்தாலும் விதி நிலைப்பதில்லை. அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் இரண்டும் 2015-ஆம் ஆண்டில், பறந்த தொலைவைவிட்டுச் செலவிட்ட பணத்தைக் கணக்கிடத் தொடங்கின. அதே மைலுக்கு நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை என்பது உலகெங்கும் நடக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் யுனைடெட் தன் மைல் திட்டத்தையே ஈடு காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. நம் கண்ணுக்கு விளையாட்டாகத் தோன்றும் புள்ளிகள் அவர்களுக்கு எத்துணைப் பெரிய சொத்து என்பதை இதனால் உணரலாம்.

விட்டவன் விழுக்காட்டிற்கும் விமான மைலுக்கும் உள்ள வேற்றுமை இப்போது விளங்கும். முன்னது கொடுத்தவனின் உரிமை, கல்லில் உள்ளது. பின்னது கொடுப்பவனின் சலுகை. அவன் விரும்பும்போது மாற்றத்தக்கது. ஆகவே மைலைச் சேர்க்கலாம். ஆனால் பொன்னைப்போலப் பூட்டி வைக்கலாகாது. சேர்த்த மைலை விரைவில் பயணமாக்கிக் கொள்வதே அறிவுடைமை.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

முதலாவது, மஞ்சள் துணி முடிச்சைப்போல இடத்தை முன்னர் முடிவு செய்க. பெண் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து அங்குச் செல்லும் கம்பெனிகளில் ஒன்றையோ அதன் கூட்டணியையோ தேர்ந்துகொள்க. ஐந்து கணக்கில் ஐந்நூறு மைல் வீதம் சிதறிக் கிடப்பதைவிட, ஒரே கணக்கில் திரள்வதே பயன்தரும்.

இரண்டாவது, திட்டத்திற் சேரப் பொதுவாகக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளவாறே பெயரைப் பதிவு செய்க. அப்பா பெயரை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதும் நம் வழக்கத்தால் மைல் சேராமற் போவதுண்டு. குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். சில திட்டங்களில் அவற்றை ஒன்று சேர்க்கவும் இடமுண்டு.

மூன்றாவது, சீட்டுப் பதியும்போதே கணக்கு எண்ணைக் குறிப்பிடுக. பிள்ளைகள் வாங்கி அனுப்பும் சீட்டில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பறப்பவர் கணக்கில்தான் மைல் சேரும். மைல் பதிவாகும் வரை விமானத்தில் ஏறும் அனுமதிச் சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தால், விடுபட்டதைப் பின்னர்க் கேட்டுப் பெறலாம்.

நான்காவது, ‘இலவசம்’ என்னும் சொல்லை நம்பிவிடலாகாது. மைலால் பெறும் சீட்டிற்கும் வரியும் வேறு சில கட்டணங்களும் உண்டு. அதற்கென ஒதுக்கும் இருக்கைகளும் சிலவே. தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறைக் காலங்களில் அவை கிடைப்பது அரிது. பல மாதம் முன்னரே பதிய வேண்டும். மைலுக்குக் காலக்கெடுவும் உண்டு.

ஐந்தாவது, பறக்காதவருக்கும் இதில் இடமுண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யோடு சேர்ந்து வங்கிகள் வெளியிடும் அட்டைகளில் சேரும் புள்ளிகளைக் கொண்டு ரெயில் சீட்டு வாங்கலாம். திருச்சிக்கும் மதுரைக்கும் போய்வரும் குடும்பத்திற்கு, வான் மைலைக் காட்டிலும் இதுவே பொருந்தக்கூடும்.

வட்டியின் கதை

இறுதியாகக் கூறுவது எல்லாவற்றினும் இன்றியமையாதது. திருமலையப்பனுக்கு ‘வட்டி காசுலவாடு’ என்று தெலுங்கில் ஒரு பெயர் உண்டு. தம் திருமணத்திற்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்றும், அடியார் இடும் காணிக்கையால் அதன் வட்டி இன்னும் கட்டப்படுகிறது என்றும் புராணக் கதை கூறும். ஆண்டவனுக்கே தீராத வட்டி நமக்குத் தீருமோ?

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 ரூபாய்ச் செலவிற்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு 50 காசு மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் ரூபாய் செலவிட்டால் 1,000 புள்ளி. அதன் பயன் 500 ரூபாய். அட்டைக் கடனில் 20,000 ரூபாயைக் கட்டாமல் ஒரு மாதம் நிறுத்தினால், மாதத்திற்கு 3½ விழுக்காடு வட்டியில் 700 ரூபாய் போய்விடும், வரி வேறு. ஓராண்டுப் புள்ளியை ஒரு மாத வட்டி விழுங்கிவிடுகிறது. ஆகவே, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்ட வல்லவர் மட்டுமே அட்டையை நாடுக. வேண்டாத பொருளைப் புள்ளிக்காக வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றதாகும். கேளாதவருக்கு அட்டை அனுப்பலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் விதித்த விதிமுறைகள் கூறுகின்றன; எனவே வாயிலில் வந்து வற்புறுத்துவோரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

மேலும், “உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன, தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்று அழைப்பவர் திருடர் என்றே கொள்க. தனித்து வாழும் முதியோரே இவ்வலையில் மிகுதியாகச் சிக்குகின்றனர். அந்த இரகசிய எண்ணை எவர்க்கும் சொல்லலாகாது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். இதனை நம் காலனியில் வீடுதோறும் எடுத்துச் சொல்லும் பணியை இளைஞர் மேற்கொள்வாராக.

அன்பர்களே! அன்று இச்சீமையிற் பொருள் விட்டவர்கள் தம் விழுக்காட்டை வழிப்போக்கரின் உணவுக்கு எழுதி வைத்தனர். இன்று நம் பிள்ளைகள் அலுவலின் பொருட்டு நாடு நாடாகப் பறந்து மைல் சேர்க்கின்றனர். அவற்றுட் பல பயனின்றி மறைந்து போகின்றன. அம்மைல்களைத் தம் தாய் தந்தையர் வந்துபோகும் சீட்டாக அவர்கள் மாற்றுவார்களாயின், கல்லில் வெட்டாவிடினும் அதுவும் ஒரு நல்ல அறக்கொடையே ஆகும். பேரப்பிள்ளையின் முகத்தைப் படத்தில் மட்டும் கண்டிருக்கும் பாட்டிமார் இவ்வூரில் பலர் உள்ளனர். மைல் மறையுமுன் அவர்கள் பயணம் அமைவதாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!